நின்று ஓட்டும் ஜெட் ஸ்கிக்கு வீட்டிலேயே கார்பன் உடல் கட்டுவது எப்படி

கார்பன் துணி வாங்குவதற்கு முன்னால் தண்ணீரில் ஓடும் பழைய ஜெட் ஸ்கி வண்டி ஒன்றை வாங்குங்கள். உடல் நொறுங்கிப் போயிருந்தாலும் பரவாயில்லை. எஞ்சின், தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்பு, இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட், கைப்பிடித் தண்டு, எலெக்ட்ரிக் பெட்டி எல்லாம் உயிரோடு இருந்தால் போதும். நாம் கட்டப்போகும் உடல் இந்தச் சாமான்களைச் சுற்றி வளர வேண்டியது. சாமான் கையில் இல்லாமல் உடல் கட்டினால், கடைசியில் பம்பு ஒரு திசையும் எஞ்சின் ஒரு திசையும் பார்க்கும்.

நான் தூத்துக்குடியில் ஃபைபர் வள்ளம் கட்டிப் பழகியவன். இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு படகுப் பட்டறையில் மோல்டு (அச்சு) வேலை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக் காரேஜில் இந்த உடலைக் கட்டியது என் அக்கா மகனுக்காக. ஊரிலிருந்து பல தம்பிகள் செய்முறை கேட்கிறார்கள். பெரும்பாலோர் கேட்பது எந்த நெசவு, எத்தனை அடுக்கு என்பதுதான். அதைவிட முக்கியமான மூன்று உண்டு: அச்சு, பம்பும் எஞ்சினும் நிற்கும் நேர்க்கோடு, மேல் தளத்தையும் கீழ் உடலையும் ஒட்டும் இணைப்பு. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் சாதாரணத் துணியிலும் நல்ல வண்டி வரும்.

எந்த வண்டியின் சாமான்? நின்று ஓட்டும் ஜெட் ஸ்கியை கவாசாகி சந்தைக்குக் கொண்டுவந்தது 1973-ல். வீட்டில் கட்டுபவர்கள் அதிகம் தேடுவது 1990-ல் வந்த யமஹா சூப்பர்ஜெட்டின் வழிவந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத்தான். 701 சிசி, இரண்டு சிலிண்டர், எளிய எஞ்சின். பாகம் கிடைக்கும், கையால் தூக்கி வைக்கலாம். 2021-லிருந்து வரும் ஃபோர் ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் 1049 சிசி. நல்ல வண்டிதான், ஆனால் முதல் தடவை கட்டுபவருக்கு அது வேண்டாம். பழைய சூப்பர்ஜெட் 2.24 மீட்டர் நீளம், 68 சென்டிமீட்டர் அகலம், எரிபொருள் இல்லாமல் சுமார் 139 கிலோ. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் உடலை வரையுங்கள். அலையில் குதித்து விளையாட வேண்டுமென்றால் கொஞ்சம் குட்டையாக, மூக்கு நன்றாக மேலே வளைந்து இருக்கட்டும். நேராக வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் நீளமும் தட்டையான அடிப்பக்கமும் வேண்டும். இரண்டையும் ஒரே உடலில் கேட்டால் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

அப்புறம் பிளக், அதாவது உடலின் வடிவத்திலேயே செதுக்கும் மாதிரி. இதன் மேல்தான் அச்சு எடுப்போம். ஃபோம் பலகைகளை அடுக்கி ஒட்டி, குறுக்குவெட்டு அட்டை வைத்துச் செதுக்கி, மேலே கண்ணாடி இழைத் துணி போட்டு, பட்டி பூசித் தேய்க்க வேண்டும். மொத்த வேலையில் பாதி இந்தத் தேய்ப்புதான். 80 நம்பர் தாளில் தொடங்கி 1200 வரை போங்கள். கடைசியில் ட்யூப் லைட்டின் பிம்பம் பிளக்கின் மேல் நெளியாமல் நேர்கோடாக ஓட வேண்டும். நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். கை தடவிப் பார்த்தால் தெரியாத பள்ளமும் அந்த வெளிச்சத்தில் தெரியும். பக்கச்சுவர்கள் எல்லாம் குறைந்தது இரண்டு மூன்று டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அச்சிலிருந்து உடல் கழலாது. தண்ணீர் உறிஞ்சும் சுரங்கத்தின் வளைவு எப்படியும் உள்ளே மாட்டும். அதனால் சுரங்கத்தைத் தனி அச்சில் செய்து பிறகு ஒட்டுங்கள்.

அச்சுக்கு நான் பாலியெஸ்டர் டூலிங் ஜெல்கோட்டும் (அச்சின் வழவழப்பான மேல் பூச்சு) கண்ணாடி மேட்டும்தான் (நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) போட்டேன். விலை குறைவு, கை பழகிய சரக்கு. ஒரே நாளில் எல்லா மேட்டையும் ஏற்றாதீர்கள். சூடேறிச் சுருங்கி அச்சு முறுக்கிக்கொள்ளும். நாளுக்கு ஓரிரு அடுக்கு, பின்புறம் மரச்சட்டம். சுற்றிலும் விளிம்பு 15 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஏனென்றால் வாக்குவம் பையின் ஒட்டு நாடாவும் காற்றை இழுக்கும் குழாயும் அந்த விளிம்பில்தான் உட்காரப்போகின்றன. அச்சு முழுதாக இறுகி, பாலியெஸ்டர் நாற்றம் போன பிறகு உடல் அச்சில் ஒட்டாமலிருக்க கார்னாபா மெழுகு ஆறு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே நேரம் விடுங்கள்.

அச்சுக்குப் பாலியெஸ்டர் என்றாலும் கார்பன் உடலுக்கு எப்பாக்ஸி ரெசின்தான். இங்கே பாலியெஸ்டரில் பழகிய நம் ஊர்க் கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வள்ளக் கொட்டகையில் குளிர்ந்த காலை என்றால் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவோம், வெயில் என்றால் குறைப்போம். எப்பாக்ஸியில் அந்தப் பேச்சே கிடையாது. அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், ரெசினோடு சேர்ந்து பொருளாகவே மாறுவது. தூண்டிவிட்டு ஒதுங்குவது அல்ல. டப்பாவில் 100-க்கு 30 என்று போட்டிருந்தால் கிராம் தராசில் 30-தான், 33 அல்ல. கூட்டினாலும் குறைத்தாலும் சேராத சரக்கு உள்ளே தங்கி, உடல் ரப்பர் மாதிரி மெத்தென்றே இருக்கும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் வேகமான ஹார்ட்னர் தனியாக வாங்குங்கள். பாலியெஸ்டரை வேகப்படுத்தப் போடும் கோபால்ட் பக்கமே போக வேண்டாம். இன்னொன்று: வள்ளத்துக்குப் போடும் சாதாரண மேட்டை எப்பாக்ஸியோடு போடக்கூடாது. அந்த மேட்டின் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எப்பாக்ஸியில் கரையாது, வெள்ளை வெள்ளையாக நிற்கும். நெசவுத் துணியோ, இரண்டு திசையில் இழைகளை அடுக்கித் தைத்த பையாக்சியல் துணியோ மட்டும் வாங்குங்கள்.

அடுக்கு விஷயத்துக்கு வருவோம். கார்பன் விறைப்பானது. சாதாரண கார்பன் இழையின் விறைப்பு சுமார் 230 கிகாபாஸ்கல், கண்ணாடி இழைக்கு 72 பக்கம். எடையும் கண்ணாடியைவிடக் குறைவு. ஆனால் அடி விழுந்தால் வளைந்து கொடுக்காமல் உடையும். கரையில் பாறையில் தட்டுகிற, அலையிலிருந்து விழுகிற வண்டிக்கு வெறும் கார்பன் ஆகாது. நான் அடிப்பக்கத்துக்குப் போட்டது இது: வெளியே சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள ட்வில் (சாய்கோட்டு நெசவு), அடுத்து 400 கிராம் பையாக்சியல் 45 டிகிரியில், நடுவே 5 மில்லி பிவிசி ஃபோம், உள்ளே இன்னொரு 400 கிராம் பையாக்சியல், கடைசியாக 300 கிராம் அராமிட் (கெவ்லார் வகை இழை). அராமிட் உள்பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. வெளியே அடி விழும்போது உள்பக்கத் தோல்தான் இழுபடும். கார்பன் பிளந்தாலும் அராமிட் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது. வெளியே போட்டால் தேய்க்கும்போது பஞ்சு பஞ்சாக எழும்பி உயிரை வாங்கும். அடிப்பக்க ஃபோம் கன மீட்டருக்கு 130 கிலோ அடர்த்தி, மேல் தளத்துக்கு 80 போதும். மூக்கிலும், நடு முதுகிலும், பக்க மூலைகளிலும், போல்ட் வரும் இடங்களிலும் ஃபோமே வேண்டாம். அங்கெல்லாம் திடமாகத் துணி மேல் துணி.

துணியைப் பையால் மூடி, காற்றை உறிஞ்சி, அந்த இழுப்பிலேயே ரெசினை உள்ளே ஓடவிடுவதுதான் வாக்குவ முறை. அப்படி ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அடிப்பக்கமும் பக்கச்சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 3 சதுர மீட்டர். மேலே சொன்ன துணி சதுர மீட்டருக்கு 1300 கிராம், ஆக 3.9 கிலோ. வாக்குவத்தில் ரெசின் இழுத்தால் எடையில் 60 சதவீதம் இழை இருக்கும், உடல் 6.5 கிலோ. ரோலர் வைத்துக் கையால் பூசினால் 45 சதவீதம்தான் வரும். அதே துணி 8.7 கிலோவாகிவிடும். கூடிய 2.2 கிலோவும் வெறும் ரெசின், பலம் கிடையாது. ஃபோமின் எடை இதில் சேரவில்லை. ஃபோம் வாங்கும்போது துளையும் வரிப்பள்ளமும் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் ரெசின் மறுபக்கத் துணிக்கும் போகும்.

துணி அடுக்கிய பிறகு பீல் பிளை (இறுகியதும் உரித்தெடுக்கும் துணி), அதன் மேல் ரெசின் ஓடும் வலை, நடு முதுகில் ரெசின் நுழையும் சுருள் குழாய், விளிம்பைச் சுற்றி காற்றை இழுக்கும் குழாய், எல்லாவற்றுக்கும் மேல் பை. வாக்குவம் பம்புக்கு முன்னால் ரெசின் பிடிக்கும் பானை கட்டாயம். பையை இறுக்கமாக வெட்டாதீர்கள். ஒவ்வொரு மூலையிலும் மடிப்பு விட்டுத் தாராளமாக விடுங்கள். முழு வாக்குவம் பிடித்ததும் பம்பை நிறுத்தி, வால்வை மூடி, அரை மணி நேரம் அழுத்தமானியைப் பாருங்கள். 5 மில்லிபாருக்கு மேல் ஏறினால் ரெசினைக் கலக்கவே கூடாது. ஓட்டை பெரும்பாலும் மடிப்பிலும் குழாய் நுழையும் இடத்திலும் இருக்கும். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: துணி ஓரத்திலிருந்து பிரிந்த ஒற்றைக் கார்பன் நூல் ஒட்டு நாடாவின் அடியில் மாட்டிக்கொள்ளும். அந்த நூலின் வழியே காற்று உள்ளே ஊர்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை நாடா நெடுகிலும் நகர்த்துங்கள். ஓட்டை வந்ததும் ஸ்ஸ் என்று தெளிவாகக் கேட்கும். காரேஜில் ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் ஓர் அண்ணன், என் மானி காட்டுவது அவருக்கு வரவே இல்லை, பம்பு பழுது என்று வருத்தப்பட்டார். பம்பில் ஒன்றுமில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தமே 820, 830 மில்லிபார்தான். டர்பனில் ஏறக்குறைய 1013. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் இருக்கிற காற்றைத்தான் எடுக்க முடியும். மேட்டு நிலத்தில் செய்பவர்கள் ரெசின் ஓடும் தூரத்தைக் குறைத்து, சுருள் குழாய் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நன்றாகவே வரும்.

மின்வெட்டை மறந்துவிடாதீர்கள். 2023-ல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டால் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ரெசின் கட்டியாகும் முன் பம்பு நின்று காற்று புகுந்தால் அந்த உடல் குப்பைக்குத்தான். ரெசின் நுழையும் குழாயிலும் இழுக்கும் குழாயிலும் இறுக்கிப் பூட்டும் கவ்வி வையுங்கள். ஓட்டையில்லாத பை, கவ்வியைப் பூட்டினால் தானாகவே நேரம் தாங்கும். பம்புக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் இன்னும் நிம்மதி.

ரெசினைக் குறைந்த பாகுத்தன்மை உள்ளதாக, வாக்குவத்துக்கென்றே செய்ததாக வாங்குங்கள். வலையும் குழாயும் நிறையக் குடித்துவிடும், அதனால் உடலுக்கான கணக்கைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் கையில் வேண்டும். ஆனால் மொத்தத்தையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். எப்பாக்ஸி குவியலாக நின்றால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். ஒரு கிலோ, ஒரு கிலோவாகக் கலந்து, முதல் வாளி தீரும் முன் அடுத்ததை ஊற்றிக்கொண்டே போங்கள். குழாய் வாய் ஒரு நொடிகூடக் காற்றைக் குடிக்கக் கூடாது.

எந்த மாதத்தில் செய்வது? டர்பனில் என் தேர்வு ஜூன், ஜூலை. காற்று வறண்டிருக்கும், பகலில் இருபது டிகிரிக்கு மேல் இருக்கும். தைப்பூசக் காவடி சமயம் சட்டையே உடம்பில் ஒட்டும். அந்த ஈரத்தில் எப்பாக்ஸியின் மேல் வழவழவென்று ஒரு படலம் படியும். அதன் மேல் எதை ஒட்டினாலும் பெயர்ந்து வரும். கோடையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், ஒட்டும் முன் வெந்நீரும் பச்சை ஸ்க்ரப்பரும் வைத்துக் கழுவி, காயவிட்டு, பிறகு தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் இன்னும் உள்ளே போகும்.

உடலை அச்சிலிருந்து எடுக்கும் முன் சூடாக்குவது நல்லது. பிளைவுட் பெட்டி, உள்ளே தெர்மோகோல் பலகை, ஒரு விசிறி ஹீட்டர், இரண்டு தெர்மாமீட்டர். மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி 60 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்து, மெதுவாக இறக்குங்கள். உங்கள் ரெசின் தாளில் வேறு அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எப்பாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஜனவரி வெயிலில் டிரெய்லரில் நிற்கும் கறுப்பு உடல் அதைத் தாண்டிவிடும். இந்தக் காரணத்துக்காகவே நான் நெசவு தெரிய விடாமல் வெள்ளை பெயின்ட் அடித்தேன். அக்கா மகனுக்கு மனமில்லைதான். நெசவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடியுங்கள். எப்பாக்ஸி மட்டும் வெயிலில் மஞ்சளாகிப் பொடியும்.

இனி நேர்க்கோடு. மேல் தளத்தை ஒட்டும் முன்பே, உடல் அச்சிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். முதலில் நிலையாவது பம்பு. பம்பு மாட்டும் ஷூவையும் (பம்பைத் தாங்கும் அடிப்பாகம்) சுரங்கத்தையும் சேர்த்து ஒட்டும்போது, பட்டறையில் கடைந்த நேரான இரும்புத் தண்டு ஒன்றைப் பம்பின் நடுவிலிருந்து தடுப்புச் சுவரின் பேரிங் வீடு வரை செருகி வையுங்கள். ஷூவும் பேரிங் வீடும் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டே ஒட்டு இறுகட்டும். இறுகிய பிறகு தண்டை இரண்டு விரலால் உருவ முடிய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அந்த ஒட்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்; அதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் பேரிங்கும், எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் இரண்டு பாதிக் கப்ளரின் ரப்பரும் மாற்றி மாற்றித் தேயும். அதன் பிறகே எஞ்சின். எஞ்சினைக் கப்ளரோடு சேர்த்துத் தொங்கவிட்டு, இரண்டு பாதிகளின் மேலும் பக்கத்திலும் நேர்விளிம்பு வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பொருந்திய பிறகு எஞ்சின் பீடத்தை அந்த உயரத்துக்கு ஏற்றபடி கட்டி ஒட்டுங்கள். பீடத்தை முதலில் கட்டிவிட்டு எஞ்சினை இழுத்துப் பொருத்துவது தலைகீழ் வேலை. பீடத்துக்குள் 316 ஸ்டெயின்லெஸ் தகட்டில் நட் பற்றவைத்துப் புதைத்தேன்.

கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப் போகும். பம்பு அலுமினியம், எஞ்சின் அலுமினியம். இவை தொடும் ஒவ்வோர் இடத்திலும் கார்பன் மேல் ஒரு அடுக்கு கண்ணாடித் துணி, போல்ட்டுக்கு நைலான் புஷ், திருகில் அரிப்புத் தடுப்புப் பசை. கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதால் பேட்டரி வயர் உரசும் இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

மேல் தளம் ஒட்டும் விளிம்பு 40 மில்லியாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். 80 நம்பர் தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, சிலிக்கா பொடியும் நறுக்கிய கண்ணாடி இழையும் கலந்த எப்பாக்ஸிப் பசையைத் தாராளமாக வையுங்கள். கவ்வியை முறுக்கிப் பசையை முழுக்கப் பிழிந்துவிடாதீர்கள். ஒரு மில்லி அளவு உள்ளே நிற்க வேண்டும். சுற்றிலும் பசை வெளியே எட்டிப் பார்த்தால் போதும். கை போகும் இடமெல்லாம் உள்ளிருந்து பையாக்சியல் கண்ணாடித் துணி பட்டையாகப் போடுங்கள். கைப்பிடித் தண்டு மாட்டும் மூக்குப் பகுதியும், கால் நிற்கும் தட்டும்தான் முதலில் விரியும் இடங்கள். அங்கே ஓர் அடுக்கு கூடினால் நல்லது. ஒட்டியதும் ஒரு நாணயத்தால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே வெற்றிடம். சிறு துளையிட்டு ஊசியால் எப்பாக்ஸி ஏற்றுங்கள்.

மிதவை ஃபோமை எடை குறைக்கிறேன் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள மூடிய செல் ஃபோம் 100 லிட்டர் போட்டால் கூடும் எடை 3.2 கிலோதான், அது 95 கிலோவுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும். எஞ்சினோடு மூழ்கிய வண்டியைத் தண்ணீர் மட்டத்தில் வைத்திருக்க அது வேண்டும். மூக்கிலும் கால் தட்டின் அடியில் இரு பக்கமும் நிரப்புங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, காற்று வெளியேற துளை விட்டு. மொத்தமாக ஊற்றினால் பொங்கித் தளத்தையே தூக்கும்.

உடம்பைப் பற்றி. எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது. நல்ல கைகள் இந்தத் தொழிலையே விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை, தேய்க்கும்போது தூசிக்கான நல்ல முகமூடி. முடிந்த இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். கார்பன் தூசி கிரைண்டர் மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆகும், வீட்டு பிளக் பாயின்டுக்கும் அதே கதி.

சட்டப் பக்கம்: தென்னாப்பிரிக்காவில் 15 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள எஞ்சினோடு தண்ணீரில் இறங்க ஓட்டுநர் தகுதிச் சான்று வேண்டும். கலத்துக்கும் மிதவைச் சான்றும் தகுதிச் சோதனையும் உண்டு. உடலை மூடிய பிறகு ஃபோமைக் காட்ட முடியாது. சர்வேயரிடம் தொடக்கத்திலேயே பேசி, ஃபோம் ஊற்றும்போது படம் எடுத்து வையுங்கள்.

எஞ்சின் ஏற்றும் முன் துளைகளை அடைத்து, சைக்கிள் பம்பால் மிக லேசாகக் காற்றடித்து, இணைப்பு முழுக்க சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குக் கடல் வேண்டாம். நாங்கள் போனது டர்பன் பக்கத்து இனாண்டா அணைக்கு. ஆகாயத்தாமரை ஒதுங்கியிருக்கும் கரையைவிட்டுத் தள்ளி இறங்கினோம், ஏனென்றால் அந்த வேர் உறிஞ்சு வாயில் சிக்கினால் பம்பு காற்றைத்தான் அரைக்கும். கைக்கட்டுக் கயிறு (விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு) இல்லாமல் எஞ்சினைத் தொடக்கூடாது. பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, கரைக்கு வந்து, மூடியைத் திறந்து பெட்ரோல் ஆவி போகவிட்டுப் பாருங்கள்: தண்ணீர் இருக்கிறதா, கப்ளர் ரப்பர் தூள் கொட்டியிருக்கிறதா, பேரிங் வீடு கை வைக்க முடியாதபடி சுடுகிறதா. மூன்றும் இல்லையென்றால் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிவிட்டு, அடுத்த ஓட்டத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுங்கள்.